முதல் வருஷத்துக்கு மாஸ்க் மட்டும் போதும்

ரப்பர் சூட்டின் ஜிப் நெஞ்சுக்குக் கீழே சிக்கிக்கொண்டு, மேலேயும் போகமாட்டேன் கீழேயும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோதுதான், அதை முன்பின்னாக மாட்டியிருக்கிறோம் என்பது லினெட்டுக்கு உறைத்தது. ஜிப் முதுகுப் பக்கம் வரவேண்டுமாம். கோட்டு, மழைக்கோட்டு என்று பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் ஜிப் வைத்துப் பழக்கிவிட்டு, கடலுக்குள் போகிற இந்த ஒன்றுக்கு மட்டும் பின்னால் வைத்தால் ஒருத்தி என்னதான் செய்வாள்? உள்ளே போட்டிருந்த நீச்சலுடையின் துணி வேறு ஜிப்பின் பல்லில் கடிபட்டிருந்தது. தோளிலிருந்து உரித்து இறக்கலாம் என்றால், வியர்வையில் ரப்பர் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. விலா எலும்புகளை யாரோ கட்டிப்பிடித்து நெருக்குவதுபோல் இருந்தது. பாதி மூச்சுதான் உள்ளே போனது.

கடலோர ஊரான டவுன்ஸ்வில்லில் பிப்ரவரி மாதத்துக் கோடை மழை எப்படியிருக்கும் என்று கேட்கவே வேண்டாம். வெளியே மழை, உள்ளே புழுக்கம். கடலில் மூழ்குகிறவர்களுக்குச் சாமான் விற்கும் அந்தக் கடையில் இருந்த ஒரே ஃபேனும் கல்லாவைப் பார்த்துத்தான் சுற்றியது. உடை மாற்றும் இந்தத் திரைத் தடுப்புக்குள் காற்று எட்டிப் பார்க்கவில்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும், கணவன் கிளைவ் ஓடி வந்துவிடுவான். சிரித்துக்கொண்டே ஜிப்பை இழுத்துச் சரிசெய்துவிடுவான். அப்புறம் சூட் பொருந்திவிடும். அந்தப் பயத்தில்தான் அவள் குரல் கொடுக்கவில்லை.

கிளைவ் கிறிஸ்துமஸோடு கரும்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பானா? ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான். அதில் ஒரு சட்டம்: தனியாக யாரும் இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். கிளைவின் ஜோடி யார் என்று யாரும் லினெட்டைக் கேட்கவில்லை. காரோடு இழுத்துப் போகிற கேரவனைப் பின்னால் எடுக்கும்போது கை காட்டியவள் அவள். மீன்பிடிப் படகில் நங்கூரக் கயிற்றைப் பிடித்தவள் அவள். இதற்கும் அவள்தான் என்பது சொல்லாமலே தெரிந்ததாக ஆகிவிட்டது.

நீச்சல் குளத்தில் பயிற்சி நடந்தது. அடியில் மண்டி போட்டு உட்கார்ந்து, கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். மூக்கில் தண்ணீர் ஏறிய அந்த நொடியில், செத்தோம் என்றே லினெட் நினைத்தாள். தண்ணீருக்குள் கட்டை விரலை உயர்த்தினால் 'நான் மேலே போகணும்' என்று அர்த்தம். வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். அவள் கட்டை விரலை உயர்த்தினாள். எதிரே உட்கார்ந்திருந்த கிளைவ், பழைய பழக்கத்தில், 'பிரமாதம்' என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே கை தட்டினான். அன்று மாலை பப்பில் ஊருக்கெல்லாம் சொன்னான், "என் பொண்டாட்டி பிறவி மீனுப்பா!" என்று. பிறவி மீன் கையிலிருந்த பீரை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதது.

திரைக்கு வெளியே கிளைவின் குரல் கேட்டது. "காத்து டேங்க், மிதவைச் சட்டை, மூச்சுக்குழாய், ஆழம் காட்டுற கம்ப்யூட்டர். எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு எடுங்க."

"எத்தனை தடவை கடல்ல இறங்கியிருக்கே தம்பி?" இது கடைக்காரி நொலீன். எழுபதைத் தாண்டியவள். வெயில் அவள் தோலைச் செருப்புத் தோலாக்கி வைத்திருந்தது.

"கடல்ல இன்னும் இல்ல. குளத்துலதான்."

"அப்ப வாயை மூடிட்டுக் கேளு. முதல் வருஷத்துக்கு மாஸ்க் மட்டும் போதும். வேணும்னா காலுக்கு பூட்ஸ். டேங்க் படகுலயே தருவான், அதை வீட்டுல வச்சு என்ன, பூ வைக்கப் போறியா? மத்ததை வாடகைக்கு எடு. பத்துத் தடவை இறங்கு. எது தோளை அறுக்குது, எது வாய்க்கு வலிக்குதுன்னு உனக்கே தெரியும். அப்புறம் வா, விக்கிறேன்."

"சூட்டாவது சொந்தமா இருக்கட்டும். வாடகை சூட்டுல எவனெவனோ..."

"மூத்திரம் போயிருப்பான்னு பயமா? எல்லாரும்தான் போறாங்க. நீயும் போவே."

கிளைவ் விழுந்து விழுந்து சிரித்தான். உள்ளே லினெட்டுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை துளிர்த்தது. இந்தக் கிழவி இவனைத் திருப்பி அனுப்பிவிட்டால்? ஆனால் கிளைவை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அவனிடம் 'வேண்டாம்' என்று நேராகச் சொல்லும் பழக்கம் லினெட்டுக்கும் இல்லை. அவள் ஏதாவது காரணம்தான் சொல்வாள். கேரவனை நிறுத்த இடமில்லை என்றாள். கிளைவ் கோழிக் கூண்டைப் பிரித்து இடம் பண்ணினான். படகுப் பலகையில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்றாள். மெத்தை வைத்த நாற்காலியைத் திருகிப் பொருத்திக் கொடுத்தான். காரணத்தைச் சொன்னால் அதைத் தீர்த்துவைப்பான். அவ்வளவு நல்லவன். அதுதான் தொல்லையே.

"சரி, மாஸ்க்கைப் பார்ப்போம்," என்றாள் நொலீன். "வாரை மாட்டாதே. முகத்துல வச்சு மூக்கால லேசா இழு. கையை எடு. விழாம நின்னா அது உன்னோடது."

டக்கென்று ஏதோ கல்லாமேல் விழுந்தது. இன்னொன்று. மறுபடியும் ஒன்று.

"எல்லாம் மட்டமான சரக்கா இருக்கே," என்றான் கிளைவ்.

"சரக்கு நல்ல சரக்குதான். நடுவுல விளக்குமாறு வச்சிருக்கியே, காத்து எப்படி நிக்கும்? மூக்குக்குக் கீழ ஒரு விரல் அகலம் எடுத்துடு. மீசைக்காரங்களுக்காகவே கத்தரியும் ரேஸரும் இங்கயே வச்சிருக்கேன். அதோ கண்ணாடி."



"மீசையையா?" என்றான் கிளைவ், காலை எடுக்கச் சொன்னதுபோல. "இந்த மீசை இல்லாம என் கல்யாண போட்டோ கூடக் கிடையாது. மில்லுல என் பேரே மீசைதான். அதெல்லாம் முடியாது. கொஞ்சம் தண்ணி உள்ள வந்தா வரட்டும். மூக்கால ஊதித் தள்ளிட்டாப் போச்சு. என்ன பெரிய விஷயம்?"

லினெட்டுக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஊதித் தள்ளிட்டாப் போச்சாம்! ஆவேசமாக ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். முழங்கை தடுப்புப் பலகையில் இடித்து, கடையே கேட்கும்படி 'தடால்' என்றது.

"நீ இரு, பொம்பளை விஷயம்," என்று கிளைவைத் தடுத்துவிட்டு நொலீன் திரையை விலக்கி உள்ளே வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். சிரிக்கவில்லை. தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் கலந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்துத் தோளிலும் கழுத்திலும் பீய்ச்சினாள். கடிபட்ட துணியை நகத்தால் நெம்பி எடுத்தாள். பிறகு இரண்டு தோள்களையும் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே உரித்தாள். லினெட்டின் நெஞ்சு விரிந்தது.

நொலீன் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தண்ணிக்குள்ள இறங்க உனக்கு ஆசையா கண்ணு?"

லினெட் தலையை ஆட்டினாள். இல்லை.

"பயமா?"

"ரொம்ப."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதுக்கு இந்தப் பாடு? ஆசை இல்லாதவளுக்கு நான் வித்தா, ரெண்டு மாசத்துல 'ஒரே தடவை போட்டது'ன்னு விளம்பரம் போட்டு விப்பே. அது பரவால்ல. பயந்தவ அடியில போய் மூச்சை அடக்கிட்டு மேல பாய்வா பாரு, அது நல்லதில்ல, நுரையீரலே கிழிஞ்சிடும். வெளிய போய்ச் சொல்லு. 'எனக்குப் பயமா இருக்கு, நான் வரல.' அவ்வளவுதான். உனக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன்."

துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு லினெட் வெளியே வந்தாள். சொற்கள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. எனக்குப் பயமா இருக்கு, நான் வரல. கிளைவ் ஐந்தாவதோ ஆறாவதோ மாஸ்க்கை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் அதை எடுத்துவிட்டு, "பொருந்திச்சா, என் மீனே?" என்றான்.

அந்த 'மீனே'தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"உன் மீசையில ஒரு விரல் அகலம் விட்டுக்கொடுக்க மாட்டே, நான் மட்டும் உன் பின்னால கடலுக்கடியில வரணுமா?" என்று கத்தினாள். "மாஸ்க்குக்குள்ள தண்ணி ஏறி நீ தவிச்சா, உன்னைத் தூக்கிட்டு வர்றது யாரு? அந்த மீசையோட நீ இறங்கறதா இருந்தா நான் வரல. அவ்வளவுதான்!"

சொல்லி முடித்ததும் அவளுக்கு ஒரே பெருமை. வரல என்று சொல்லியாகிவிட்டதே! உயிரே போனாலும் கிளைவ் மீசையில் கை வைக்க மாட்டான் என்பது ஊருக்கே தெரியும். தப்பித்தோம் என்றே நினைத்தாள். நொலீன் மட்டும் திரையருகே நின்று, கையிலிருந்த சூட்டை மடிக்காமல் அவளையே பார்த்தாள்.

கிளைவ் அவளைப் பார்த்தான். பிறகு கல்லாவிலிருந்த கத்தரியையும் ரேஸரையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக்குப் போய், முதுகைக் காட்டி நின்றான். கத்தரியின் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. நேரமே இருக்கவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அவன் திரும்பியபோது விரலகலம் இல்லை, முழுசாகவே போயிருந்தது. வெயில் படாத மேலுதடு வெளுத்துக் கிடந்தது. ஒரு ஓரத்தில் துளி ரத்தம். முன்பின் தெரியாத, கொஞ்சம் கூச்சப்படுகிற ஒரு ஆள் நின்றான்.

"நான் தவிச்சுப் போவேன்னு நீ பயந்துட்டிருந்தது எனக்குத் தெரியாது லின்," என்றான். "முன்னாடியே சொல்லியிருந்தா முன்னாடியே எடுத்திருப்பேன். உன்னைத் தவிர வேற யாரை நம்பி நான் கீழ இறங்குவேன், சொல்லு?"

மாஸ்க்கை முகத்தில் வைத்தான். மூக்கால் இழுத்தான். கையை எடுத்தான். அது விழவில்லை. இரண்டு கைகளையும் விரித்து அவளைப் பார்த்துச் சிரித்தான்.

கல்யாணமான நாளிலிருந்து கோழிக் கூண்டைப் பிரித்திருக்கிறான், நாற்காலி வாங்கியிருக்கிறான்; தன்னிடமிருந்து எதையும் அறுத்துக் கொடுத்ததில்லை. முதல்முறையாகக் கொடுத்திருக்கிறான். அவள் கேட்டதைக் கொடுத்திருக்கிறான், அவளுக்கு வேண்டியதை இல்லை. அவளுக்கு அவன் மேல் பிரியம் பொங்கியது. தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இப்போது என்ன சொல்வது? 'மீசை ஒரு சாக்குதான்' என்று, ரத்தம் கசிகிற அந்த உதட்டைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"சொல்லு கண்ணு," என்றாள் நொலீன். "என்ன செய்யணும்?"

லினெட் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சூட்டுல ஒரு சைஸ் பெரிசா இருந்தா எடுங்க," என்றாள்.