முழுதாய் முறுக்கிய கடிகாரம்

மார்ச் பன்னிரண்டாம் நாள், வானம் தெளிவாயிருந்தது. பேருந்து ஓட்டுநரான என் அக்கா, மாமா பரிசளித்த கைக்கடிகாரத்துடன் என் பழுதுபார்ப்புக் கடைக்கு வந்தாள். அது மாலைதோறும் பின்தங்கியதால் இருமுறை வண்டியைத் தாமதமாக எடுத்திருந்தாள்.

"இன்னொரு தடவை ஏமாத்துனா தூக்கிப் போட்டுடுவேன்டா."

திறந்து பார்த்தேன்; பழுதில்லை.

"காலையில எவ்வளவு முறுக்குற?"

"நாலு சுத்து. கூட முறுக்குனா ஸ்பிரிங் அறுந்துடும்ல?"

சுருள்வில்லின் விசை தளர்ந்தால், உள்ளே ஊசலாடும் சக்கரத்தின் வீச்சும் குறைந்து நேரம் பிசகும் என்று விளக்கினேன். பின்பு திருகு தானாக நிற்கும்வரை முறுக்கினேன்.

"டேய், அறுந்துச்சுன்னா உன் காதை முறுக்கிடுவேன்!"

"கழுத்தையே முறுக்கிக்கோ, போ."

மறுநாள் காலை அவளும் திருகு நிற்கும்வரை முறுக்கியிருந்தாள்; மாலை பேருந்து நிலையத்தில் நானும் நின்றேன். மணிக்கட்டைப் பார்த்தே அவள் வண்டியைக் கிளப்பினாள். நிலையத்துக் கடிகாரத்திலும் அப்போது மணி சரியாக ஆறு இருபது, வண்டி புறப்பட வேண்டிய நேரம்.