மைத்துனனின் வெள்ளைத் தாள்

அன்று என் மைத்துனனின் ஆய்வறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை டாக்டர், எங்கள் ஆலையில் துணி வெட்டும் மேஸ்திரி. ஆறாவதாக ஒருவரும் இல்லை. இருந்ததாகச் சொல்லித் திரிபவர்களை நம்ப வேண்டாம்.

காயத்துக்கு வைக்கும் காஸ் துணி நெய்வது எங்கள் குடும்பத் தொழில். அப்பா காலத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை அறைக்கு எங்கள் துணிதான். இனிமேலும் அதுதானா, அல்லது என் மைத்துனன் கண்டுபிடித்து அரசு அனுமதியும் வாங்கிவிட்ட, ரத்தத்தை நிறுத்தும் தாளா என்று டாக்டர் அன்று முடிவு சொல்வதாக இருந்தார்.

மைத்துனன் இயந்திரத்தை ஓடவிட்டான். ஊசிமுனையில் நின்ற கரைசலை மின்சாரம் இழுத்தது. இழை கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே சுழன்ற உருளையின் மேல் மட்டும் வெள்ளையாக ஏதோ படிந்துகொண்டே வந்தது.

"நானோ இழை, அத்தான். தலைமுடியை நூறாப் பிளந்தாலும் இதைவிடத் தடிமனா இருக்கும்."

"தறி இல்லாம நெசவா? மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி இருக்கே, மாப்பிள்ளை!"

மேஸ்திரி மட்டும் சிரித்தார். அவர் என்னிடம் வேலை பார்ப்பவர்.

என் மனைவி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் எங்கள் ஆலைக்குள் அவள் நாலு தடவை வந்திருப்பாள். ஒரு தடவைகூட எந்தத் தறியின் முன்னும் அப்படி நின்றதில்லை. "எப்படிடா இது உனக்குத் தோணுச்சு?" என்று கேட்டாள். அந்தக் குரல் எனக்குப் புதிது.

ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று, தாள் வைத்திருந்த மெல்லிய கண்ணாடித் தட்டைக் கையில் எடுத்தேன். பிடி இறுகிவிட்டது. தட்டு உடைந்து உள்ளங்கையைக் கிழித்தது.

இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நான். சொட்டச் சொட்ட வழிந்தது. டாக்டர் கையைப் பிடித்து, சில்லு எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துச் சொன்னார். மைத்துனன் ஒரு தாளோடு ஓடிவந்தான்.

"தள்ளிப் போ. மேஸ்திரி, நம்ம துணியை எடு."

மேஸ்திரி பையிலிருந்து ஒரு மடிப்பு எடுத்துத் தந்தார். அழுத்தினேன். நின்றதா என்று தூக்கிப் பார்த்தேன். உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்தது. புது மடிப்பு வைத்தேன். மறுபடி தூக்கிப் பார்த்தேன்.

"தூக்காதீங்க சார்" என்றார் டாக்டர். "காஸ் வச்சா தூக்கிப் பாக்கக் கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

தெரியும். ஆனால் நெய்தவனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நாலாவது மடிப்பும் நனைந்தபோது என் மனைவி தம்பியிடமிருந்து தாளைப் பிடுங்கினாள். "போதும்ங்க உங்க வீராப்பு. கையை நீட்டுங்க."

நீட்டினேன். ரத்தம் பட்டதும் தாள் கூழாகக் குழைந்து காயத்தோடு ஒட்டிக்கொண்டது. மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தது என் கையை, பார்த்துக்கொண்டிருந்தது தம்பியை.

ரத்தம் நின்றது.

"அடுத்த மாசத்துல இருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு இதையே அனுப்பிடுங்க" என்றார் டாக்டர் மைத்துனனிடம், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது ஆலையில் ஒரு பேச்சு உலவுகிறது: ரத்தத்தை நிறுத்தியது எங்கள் துணிதானாம், தாளைப் பிறகு ஒப்புக்கு மேலே வைத்தார்களாம். கிளப்பியவர் மேஸ்திரி, என் மேலுள்ள விசுவாசத்தில். கேட்க எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொல்லித் துணி விற்றதில்லை. துணி நாலு மடிப்பும் நனைந்தது. ரத்தத்தை நிறுத்தியது என் மைத்துனனின் தாள்.