ஓஜோமாவின் காலை வணக்கம்

பள்ளிக்கூடத்தில் முட்டி போடுவது என்றால் தண்டனை. திருவொற்றியூரில் நடக்கப் பழகாத பிள்ளைக்கும் அது தெரியும். அதனால்தான் புதிதாகச் சேர்ந்த ஓஜோமா எல்.கே.ஜி வகுப்பு வாசலில் இரண்டு முட்டியும் தரையில் பட உட்கார்ந்ததும் நர்மதா மிஸ்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஓடிப்போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். மறுநாளும் அதே கூத்து. அதற்கு மறுநாளும்.

ஓஜோமாவின் அப்பா பெயர் அச்சிலே. நைஜீரியாக்காரர். எண்ணூரில் கப்பல் என்ஜின் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. தெருப்பிள்ளைகளோடு தமிழில் விளையாடுகிற பெண் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள்.

வினை புஷ்பவல்லி ரூபத்தில் வந்தது. மகன் பாரியை வகுப்பில் கொண்டுவிட வந்தவள் கண்ணில் ஒருநாள் இது பட்டுத் தொலைத்தது.

"இன்னா மிஸ்ஸு, காலங்காத்தால பச்சப்புள்ளய முட்டி போட வச்சிகினு கீற? அது உன்ன இன்னா பண்ணுச்சி?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

நர்மதா சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பிள்ளைகளும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். தினமும் முட்டி போடுகிறவள் பெரிய சேட்டைக்காரியாகத்தான் இருக்க வேண்டும். ஓஜோமா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பிறகு அவளும் முட்டி போடுவதை விட்டாள், மிஸ்ஸின் முகத்தைப் பார்ப்பதை விட்டாள், கடைசியில் பள்ளிக்கு வருவதையே விட்டாள்.

வெள்ளிக்கிழமை அச்சிலே டிசி கேட்டு வந்தார். தலைமை ஆசிரியை சிலுவையம்மாள் நர்மதாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அச்சிலேவுக்குப் பட்டறையில் கற்ற தமிழ்.

"கோவம் இல்ல மிஸ். மிஸ்ஸுக்கு என்னிய புடிக்கலன்னு பாப்பா அழுவுது. நாங்க இகாலா ஜனம். பெரியவங்கள பாத்தா பாப்பா முட்டி போட்டுத்தான் வணக்கம் சொல்லும். நீங்க வணக்கத்த வாங்காம தூக்கி நிறுத்திட்டீங்க."

நர்மதாவுக்கு அவமானமாக இருந்தது. வணக்கம் சொன்ன குழந்தையை நாள் தவறாமல் விரட்டியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழமயானா கோயில்ல முட்டி போடறவ நானு. எனக்கே தோணல பாரு," என்றார் சிலுவையம்மாள்.

"திங்கக்கெழம ஒரே ஒரு தபா கூட்டினு வாங்க சார். அப்பவும் அவ வேணாம்னா டிசி வாங்கிக்கோங்க," என்றாள் நர்மதா. பிறகு அவரை உட்கார வைத்து, அவர் ஊரைப் பற்றி ஆதியோடந்தமாகக் கேட்டுக்கொண்டாள்.

மத்தியானம் பாட்டு வகுப்பை ஓரங்கட்டிவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தாள்.

"இகாலான்னு ஒரு ஜனம். ரெண்டு பெரிய ஆறு வந்து சேர்ற எடத்துக்குப் பக்கத்துல கீறாங்க."

"நம்ம மொகத்துவாரம் மாரியா மிஸ்?" என்றான் பாரி.

"அது ஆறு கடல்ல சேர்றது. இது ஆறும் ஆறும்."

"மீன் கெடைக்குமா?"

"ம், கெடைக்கும்."

மீன் கிடைக்கும் என்றதும் வகுப்புக்கு அந்த ஊர் பிடித்துப் போயிற்று. ரொம்ப காலத்துக்கு முன்னே ஒரு ராணி அங்கே ஆண்டாள், அவள் நினைவாக இன்றும் அவர்கள் ராஜாவாகிறவருக்குக் காது குத்துவார்கள் என்று சொன்னாள் நர்மதா.

"யார் மடில வச்சி மிஸ்? மாமா மடிலயா?"

அதை நர்மதா கேட்டு வைக்கவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, பெரியவர்களை அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்படி வணங்கும், என்ன சொல்லும் என்று செய்து காட்டினாள்.

பாரி யோசித்தான். "அப்ப ஓஜோமா ஒண்ணும் தப்பு பண்லியா?"

"இல்ல. நான்தான் தப்பு பண்ணேன்."

திங்கட்கிழமை அச்சிலே வந்தபோது ஓஜோமா அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்திருந்தாள். வகுப்பு மொத்தமும் திமுதிமுவென்று முட்டி போட்டது.

"ஓலோடுடு," என்று இகாலா பாஷையில் காலை வணக்கம் சொன்னது. சத்தம் ரோடு வரைக்கும் போயிருக்கும்.

அச்சிலே வாயைக் கையால் மூடிக்கொண்டார். வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்றோ, கண் கலங்கிவிட்டது. ஓஜோமா மெல்ல எட்டிப் பார்த்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவசரக்காரன் பாரி ஒரு முட்டியை மட்டும் தரையில் வைத்திருந்தான். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவை விட்டுவிட்டு நேரே அவனிடம் போய் மற்ற முட்டியையும் கையால் அழுத்தினாள்.

"இத்தயும் போடு பா," என்றாள்.

அந்த வகுப்பில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அப்புறம் ஓஜோமா மிஸ்ஸின் எதிரே வந்து முட்டி போட்டாள். பழக்க தோஷத்தில் நர்மதாவின் கைகள் அவளைத் தூக்கப் போயின. அடக்கிக்கொண்டாள். குழந்தை நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஓலோடுடு, ஓஜோமா," என்று பதில் சொன்னாள்.

ஓஜோமா தானாகவே எழுந்தாள். பாரி நகர்ந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்து பையைத் திறந்தவள், வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னும் இன்னா நின்னுகினு கீற? நீ வேலைக்குப் போ பா."