ஆறிப்போச்சா?

குவைத்திலிருந்து திரும்பும்போது மற்ற பெண்கள் தங்கம் கொண்டுவந்தார்கள். நான் துளை போடும் மெஷின் கொண்டுவந்தேன். வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுவது. வரதய்யபாளையத்தில் என் நாத்தனார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா ரூபா, துப்பாக்கி வாங்கினு வந்துகீறே?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். எங்கள் பக்கம் கம்பெனிகள் வந்தபோது நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. நிலம் இல்லாத எங்களுக்குக் கம்பெனி கேட்டில் நிற்கிற வேலை வந்தது. என் புருஷன் ரமணா கொஞ்ச காலம் நின்று பார்த்துவிட்டு, போதும் என்று உதறிவிட்டார். மகள் பத்மாவைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கு வந்துவிட்டோம்.

புதிது புதிதாய் எழும்பும் அபார்ட்மென்டுகளில் திரைச்சீலைக் கம்பி, கொசுவலை மாட்டுவதுதான் எங்கள் தொழில். ஒரு பொம்பளை ஏணி மேல் நின்று சுவரில் துளை போடுவதைப் பார்த்து வாயைப் பிளக்காத ஆளை இன்னும் நான் பார்க்கவில்லை.

ரமணாவிடமும் ஒரு மெஷின் உண்டு. தடாவில் வாங்கியது, சின்னது, பன்னிரண்டு வோல்ட். என்னுடையது இருபத்தொன்று. இரண்டுக்கும் தனித்தனி சார்ஜர். வம்பே அங்கேதான். இரண்டு சார்ஜரும் ஒரே கறுப்பு, ஒரே அளவு, முனையில் இருக்கிற பின்னும் ஒன்றே. குவைத்தில் கடைக்கார மலையாளி என்னிடம் தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னார்: "பின் ஏறும் சேச்சி. ஏறுதுன்னு ஏத்தக் கூடாது." பெரிய சார்ஜரைச் சின்ன பேட்டரியில் மாட்டினால் அது தாங்காது, சூடாகித் தீப்பிடிக்கும் என்றார். அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் பெரிய சார்ஜரின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். பொட்டு வைத்தது பெரியது, வைக்காதது சின்னது. கண் தெரிந்தவர்கள் யாரும் குழம்ப வழியில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

ரமணாவுக்குப் பக்தி வந்தால் கை நிற்காது. சுத்தியலுக்குப் பொட்டு, ஏணிக்குப் பொட்டு, மிக்ஸிக்குப் பொட்டு, தண்ணீர்க் குழாய்க்குக்கூடப் பொட்டு. நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். சார்ஜருக்கும் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்று ரமணா தன் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, சித்தூரில் ஒரு வேலை என்று முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். நான் பொட்டு வைத்த சார்ஜரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பத்மாவுக்கு மூன்று வயது. பக்கத்து வீட்டு யசோதாதான் எப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வாள். தெலுங்குப் பெண், என்னைவிடச் சின்னவள், மலைக்கு ஜீப் ஓட்டுகிறவரின் மனைவி. அவள் என்னிடம் தமிழ் பேசுவாள், நான் அவளிடம் தெலுங்கு பேசுவேன், பாதி வழியில் இரண்டு பேரும் மாறிக்கொள்வோம். எந்தச் சொல் எந்த மொழி என்று நாங்கள் பார்த்ததில்லை. எல்லைப் பக்கத்தில் யார்தான் பார்க்கிறார்கள்?

அன்றைய வேலை அலிபிரி பக்கத்தில், மூன்றாவது மாடியில், இந்திராணியம்மா என்கிற தெலுங்கு டீச்சரம்மா வீட்டில். ஹாலில் கம்பி மாட்டி முடித்ததும் என் மெஷின் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் மாட்டினேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் சார்ஜ் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். செத்துக் கிடக்கிற பேட்டரி எப்படி நிரம்பும்? கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் பச்சை. எரிச்சலோடு சார்ஜரைத் திருப்பி அடியில் இருந்த எழுத்தைப் படித்தேன்.

பன்னிரண்டு.

நெற்றியில் பொட்டு இருக்கிறது, அடியில் பன்னிரண்டு இருக்கிறது. சின்ன சார்ஜர் என் கையில் இருக்கிறது என்றால், பெரியது வீட்டில் ரமணாவின் பேட்டரியில் ஏறிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து. அந்த அறையில்தான் பத்மா இருக்கிறாள்.

போன் போட்டேன். நல்லவேளை, யசோதா உடனே எடுத்தாள்.

"யசோதா, பத்மா நைனா பேட்டரி சார்ஜ்ல கீதா?"

"லேது அக்கா. தொட்டா கை சுட்டுடுச்சி. நானே பிளக்கைப் புடுங்கிட்டேன்."

உயிர் வந்தது. "மகராசிமே நீ! பாப்பா?"

"கட்டில்ல தூங்கினு கீது."

பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, சூடு தணிந்ததா என்று தெரிய வேண்டும். கேட்டேன். "இப்போ ஆறிப்போச்சா? நல்லா பாரு."

அவள் போய்ப் பார்க்கிற காலடிச் சத்தம் போனில் கேட்டது. திரும்பி வந்து நிதானமாகச் சொன்னாள். "ஆ, ஆரிப்போயிந்தி அக்கா."

"சரி, பாப்பா எழுந்தா அத்தத்தான் எடுத்து ஆடும். துணிப்பெட்டிக்குள்ள வச்சி மூடிடு."

"சரி அக்கா."

துணிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. வைக்கச் சொன்னவளே நான்தான்.

நிம்மதியாக ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். ரமணாவை நினைத்துப் பல்லைக் கடித்தேன். வரட்டும், அவர் நெற்றியிலேயே ஒரு கிலோ குங்குமத்தை அப்பிவிடுகிறேன் என்று வாய்க்குள் திட்டினேன். மெஷின் இல்லாவிட்டால் என்ன, படுக்கையறையில் ஏற்கெனவே துளை போட்டாகிவிட்டது, ஸ்க்ரூவைக் கையால் திருகலாம் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னலைத் திறந்தால்தான் கம்பியை நுழைக்க முடியும். திறந்தேன். மலைக்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது.

ஹாலில் சாமி அலமாரிக்கு முன்னால் நின்றிருந்த இந்திராணியம்மா கத்தினார்.

"அய்யய்யோ, தீபம் ஆரிப்போயிந்தி!"

நான் ஏணியின் மேலேயே நின்றேன். கையில் இருந்த ஸ்க்ரூ கீழே விழுந்து எங்கோ உருண்டது.

ஆரிப்போயிந்தி. இந்தச் சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். தெலுங்கில் விளக்கு அணைந்துவிட்டது என்று அர்த்தம். சூடு தணிவதற்குத் தெலுங்கில் வேறு சொல். நான் யசோதாவைத் தமிழில் கேட்டேன், சூடு ஆறிப்போச்சா என்று. அவள் காதில் தெலுங்கில் விழுந்திருக்கிறது, விளக்கு அணைஞ்சிபோச்சா என்று. அவள் போய், சார்ஜ் ஏறும்போது எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்திருக்கிறாள். பிளக்கைப் பிடுங்கினால் விளக்கு எரியுமா? அணைந்துதான் இருக்கும். அணைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். அவள் பேட்டரியைத் தொட்டே பார்க்கவில்லை.

சூடு ஆறாத பேட்டரியைத் துணிக்குள் பொதிந்து, என் குழந்தைக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. இந்திராணியம்மா, "ஏமாயிந்தி ரூபா, ஏமாயிந்தி?" என்று பின்னாலேயே வந்தார். என்ன ஆயிற்று என்று எந்த மொழியில் சொல்ல? செருப்பைக்கூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினேன்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ. அதில் மொட்டைத் தலையோடு ஒரு குடும்பமே ஏறிக்கொண்டிருந்தது. "என் கொழந்த, வீட்ல தீ" என்றேன். அந்தக் குடும்பத்து ஆள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "நீ போம்மா" என்றார். வழியெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். தீ என்று நானே சொல்லிவிட்டேனே, ஏன் சொன்னேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

எங்கள் சந்தின் முனையிலேயே நாற்றம் அடித்தது. பிளாஸ்டிக்கும் துணியும் எரிந்த நாற்றம். வாசலில் கூட்டம். ஒருவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தள்ளிவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னல் வழியாகக் கறுப்புப் புகை வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டில் கவிழ்ந்து கிடந்தது. மெத்தையில் பெரிய கறுப்பு ஓட்டை. காலையில் பத்மா தலை வைத்துப் படுத்திருந்த பக்கம்.

"பத்மா!"

"அம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எதிர்வீட்டுக்காரி இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள் என் மகள். பிடுங்கி மார்போடு அணைத்தேன். தலை, முதுகு, உள்ளங்கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

யசோதா குழாயடியில் இருந்தாள். வலது கையைத் தண்ணீர்க் குடத்துக்குள் முழங்கை வரை விட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், அதன் அடியில் உருகிப்போன ஒரு கறுப்புக் கட்டி, ரமணாவின் பேட்டரி. பெட்டி வெடித்ததும் முதலில் பத்மாவைத் தூக்கி வெளியே விட்டிருக்கிறாள். அப்புறம் திரும்ப உள்ளே போய், எரிகிற பெட்டியைக் கையாலேயே இழுத்து வந்து, பேட்டரியைத் தண்ணீரில் தள்ளியிருக்கிறாள். குடத்திலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கை முழுக்கத் தோல் வழன்று கொப்புளமாய் இருந்தது. பார்க்க முடியவில்லை.

"ஆரிப்போயிந்தி அக்கா" என்றாள், பக்கெட்டைக் காட்டி. "பயப்படாத."

"எந்த ஆரிப்போயிந்தி யசோதா? தமிழா, தெலுங்கா?"

அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். நான் சொன்னேன். போனில் நான் கேட்டது விளக்கை இல்லை, சூட்டை என்று. ஒவ்வொரு சொல்லாக, இரண்டு மொழியிலும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது. இவ்வளவு நேரம் வலியைத் தாங்கிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

"நேனு லைட்டைத்தானே பாத்தேன். அப்போ சுடுதா இல்லியான்னு தொடவே இல்லியே அக்கா. நானே எடுத்துனு போயி பாப்பாக்குக் கீழ வச்சேனே..."

"நான் வைக்கச் சொன்னேன்மே. நான்தான்மே சொன்னேன்."

அவள் தலையை என் தோளில் போட்டுக்கொண்டாள். பத்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாதி பிஸ்கெட்டை யசோதாவின் வாயருகே நீட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். எழுந்திருக்கும்போது பக்கெட்டைப் பார்த்தேன். எல்லோரும் அணைந்துவிட்டது, அணைந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். படம் பிடித்தவன் அந்தக் கட்டியைத் தூக்கிப் பார்க்கக் கையை விடப்போனான். அவன் கையைத் தட்டிவிட்டு நானே தண்ணீருக்குள் விரலை விட்டேன்.

வெதுவெதுவென்று இருந்தது.

"சூடு இன்னும் கீது, யாரும் தொடாதீங்க" என்று கத்தினேன். அப்புறம் திரும்பி, "இன்கா வேடிகா உந்தி, எவரூ முட்டுகோகண்டி" என்று தெலுங்கிலும் கத்தினேன்.