கம்பியில்லாத மாடி

அளக்க வருகிறவன் டேப்பைத்தான் பார்ப்பான், சுவருக்குள் கையை விட்டா பார்க்கப் போகிறான் என்று அந்த வருஷம் ஷாங்வான் ஊரே பேசிக்கொண்டது. புறவழிச் சாலைக்கு அரசாங்கம் ஊரை எடுக்கிறது, நஷ்டஈடு சதுர மீட்டர் கணக்கு என்று தெரிந்ததும் வீட்டுக்கு வீடு மாடி முளைத்தது. தெகுய்யும் மூன்றாவது மாடி ஏற்றினான். கூரைக்குக் கம்பி கிடையாது. மூங்கிலைப் பரப்பி, தெர்மோகோல் போட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சிமெண்ட். இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்குக் கம்பி? செருப்புத் தொழிற்சாலையில் மாடாக உழைத்துப் பணம் அனுப்பிய பெண்டாட்டி சுன்மெய்யிடம் மட்டும், முழுக் கம்பி போட்டதாகப் போனில் புளுகிவிட்டான்.

அவள் அதை நம்பிக்கொண்டு ஊர் திரும்பினாள். மூன்றாம் மாடிக்குக் காசு கிடையாது என்றார்கள் அதிகாரிகள். கையெழுத்து கிடையாது என்றாள் சுன்மெய்.

அதற்கு எட்டாம் நாள் காலையில் இடிக்கிற குத்தகைக்காரன், மா என்பவன், இருபது ஆட்களோடும் ஒரு பொக்லைனோடும் வந்தான். சுன்மெய் மொட்டைமாடிக்கு ஏறி, முன்சுவர் ஓரமாக நின்றுகொண்டு செங்கல்லை வீசினாள். ஒருத்தன் மண்டை பிளந்தது. அந்தக் கோபத்தையெல்லாம் கீழே நின்ற தெகுய்மேல் தீர்த்தார்கள். இரும்புக் குழாய் அவன் முழங்காலில் விழுந்தது, அடுத்தது வாயில். இரண்டு பல்லைத் துப்பினான்.

"பொண்டாட்டிய எறங்கச் சொல்றியா, இன்னொரு காலையும் ஒடைக்கட்டுமா?" என்றான் மா.

"எறங்கி வாடி!" என்று கத்தினான் தெகுய்.

"அடிச்சதும் மாறிட்டியா? தூ! வீட்ட இடிக்கணும்னா என் பொணத்து மேலதான் இடிக்கணும்!"

அவள் இன்னொரு செங்கல்லை எடுத்தாள். உண்மையைச் சொன்னால் மாடிக்கு ஒரு காசு பெயராது என்று அந்த நிலையிலும் கணக்குப் போட்டான் பாவி. பொக்லைன் உறுமியது. அதற்குமேல் அவனுக்குத் தாங்கவில்லை.

"கம்பி போடலடி! வெறும் மூங்கில்! சுவர விட்டு நகராத, அப்படியே படி வழியா வந்துரு!"

மாவின் ஆட்கள் சிரித்தார்கள். சுன்மெய்யும் சிரித்தாள்.

"உங்க குழாய்க்குப் பயந்து என்னவெல்லாம் சொல்றான் பாருங்கடா! என் புருஷன் பயந்தாங்கொள்ளிதான். ஆனா என் சம்பாத்தியத்துல கை வைக்க மாட்டான். இது இரும்புடா, பாத்துக்குங்க!"

"வேண்டாண்டி!"

மாடியின் நடுவுக்கு ஓடிப்போய், இரண்டு காலையும் தூக்கி ஓங்கிக் குதித்தாள்.

கூரை அவளோடு உள்ளே போனது. அந்தப் பாரத்தில் கீழ்த் தளமும் போனது. பொக்லைன் இன்னும் சுவரைத் தொட்டிருக்கவில்லை.

உடைந்த காலை இழுத்துக்கொண்டு தெகுய் இடிபாட்டுக்குள் ஊர்ந்தான். அவனை அடித்தவனே குழாயை எறிந்துவிட்டுக் கூட வந்து செங்கல்லைப் புரட்டினான். நொறுங்கிய மூங்கிலுக்கு அடியில் அவளை எடுத்தபோது மூச்சு இல்லை.

"அவதான் நம்பலையே, நீ என்னய்யா பண்ணுவே?" என்றான் அந்த ஆள்.

"என்னையத்தான் நம்பினா" என்றான் தெகுய்.