விட்டுக்கொடுக்காத டிஃபரன்ஷியல்

மெக்கானிக்கின் பட்டறைக்கு அவருடைய தங்கை கணவரின் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது; பின் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலில் இரண்டாவது முறையாகப் பல் உடைந்திருந்தது.

“இந்த இன்ஜின் வேகத்துக்கு இதெல்லாம் தாங்காது மச்சான். துளிகூட விட்டுக்கொடுக்காததாப் பார்த்துப் போடுங்க.”

திருப்பத்தில் ஒரு சக்கரம் இன்னொன்றுக்கு விட்டுக்கொடுக்க வைப்பதுதான் அதன் வேலையே என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் டிஃபரன்ஷியலையே மாட்டிக்கொடுத்தார்.

நேர்ச்சாலையில் கார் பறந்தது. வீட்டு வாசலில் திருப்பும்போது முரண்டு பிடித்துக் கேட்டில் மோதியது.

“கழட்டிடட்டுமா?” என்று மெக்கானிக் தங்கையிடம் போனில் கேட்டார்.

“இருக்கட்டும்ணே. விட்டுக்கொடுக்கவே தெரியாத ஒண்ணோட நான் இருபது வருஷம் குடித்தனம் பண்ணலையா? அவரும் கொஞ்ச நாள் பண்ணிப் பார்க்கட்டும்.”