சுண்டுவிரலில் சொட்டிய கசப்பு

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலின் பாரில் கலவை போடும் பெண்ணுக்கு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வலது கைச் சுண்டுவிரலிலிருந்து கசப்பு சொட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு ஐஸ் வண்டியும் தாமதமாகத்தான் வந்திருந்தது. எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தவள் விரல் நுனியில் தேன் நிறத்தில் ஏதோ திரண்டு நிற்பதைப் பார்த்து, கத்தி பட்டுவிட்டதாக்கும் என்று வாயில் வைத்தாள். ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் பெயர் தெரியாத ஒரு மரப்பட்டையும் சாராயத்தில் மாதக்கணக்கில் ஊறினால் வருமே, அந்தக் கசப்பு. கலவைகளில் விடுவதற்கென்றே கடையில் சின்னக் குப்பியில் விற்பார்கள். அதே ஜாதிதான். ஆனால் இதன் பக்கத்தில் வைத்தால் கடைக் குப்பி வெறும் கஷாயத் தண்ணீர். அன்று குப்பியும் காலி, எதிரே இருந்த வாடிக்கையாளருக்கோ பொறுமை இல்லை. அவள் விரலைக் கோப்பையின் மேல் நீட்டினாள்.

இரண்டு சொட்டு விழுந்தது. அதுதான் அளவு. சாராயம் ஒரு பக்கமும் சர்க்கரை ஒரு பக்கமும் புளிப்பு ஒரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் கோப்பையில் இரண்டு சொட்டுக் கசப்பு விழுந்தால் மூன்றும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். மூன்றாவது விழுந்தால் அது மட்டும்தான் பேசும். நாலாவது மருந்து. குடிப்பவருக்கு உள்ளே கசப்பு இருப்பதே தெரியக்கூடாது, இல்லாவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தோன்றவேண்டும். எதிரே இருந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த மாதக் கடைசிக்குள் ரயிலைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று ஆட்கள் அங்கே உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

அவளுடைய கணவர் அதே ஓட்டலின் சமையல்காரர். பாருக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு ஊசல் கதவு, அவ்வளவுதான். அவருடைய சாக்லெட் கேக்கை அதுவரை யாரும் திட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. ஒருநாள் மாவில் நாலு சொட்டு விடச் சொன்னார். சாக்லெட்டுக்கு, தான் சாக்லெட் என்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது போல் இருந்தது. பிறகு இறைச்சிக் குழம்பின் கொழுப்பை அடக்க ஒரு சொட்டு, நறுக்கிய பழத்துக்கு ஒரு சொட்டு. குழம்புக்கு மட்டும் அடுப்பை அணைத்த பிறகுதான் விடவேண்டும் என்பதை ஒரு பானையைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டார்; கொதிக்கும்போது விட்டால் மணம் பறந்துவிடும், கசப்பு மட்டும் உட்கார்ந்துகொள்ளும். இருபது வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள் சமையலறை வாசலில் வந்து நின்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். மனிதர் கொஞ்சம் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

அவளுடைய தம்பி கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. திரும்பி வந்த அன்று விரல் காய்ந்து கிடந்தது. முழு ராத்திரியும் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் இடுப்பு ஒடிய வேலை பார்த்த பிறகும் லேசாகக் கசிந்ததே தவிர முழுதாகத் திரண்டு விழ இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அசதியிலிருந்துதான் இந்தக் கசப்பு வருகிறது, ஓய்வு கொடுத்தால் நின்றுவிடும் என்று மேனேஜர் முடிவு கட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கல்யாண வீட்டில் எந்த அக்கா ஓய்வெடுத்திருக்கிறாள் என்று ஒருத்தருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வருஷங்கள் நின்றபடியே போயின. ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டே தூங்கப் பழகினாள். கணுக்கால்கள் வீங்கி, செருப்பு இரண்டு அளவு பெரிதாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை கணவரிடம், "என்னங்க, இந்தத் தடவையாவது மேனேஜர்கிட்ட ஒரு வாரம் கேளுங்களேன். எங்கயும் போக வேண்டாம், படுத்துக் கிடந்தா போதும்" என்பாள். அவரும் கேட்டுவிட்டு வந்து, "அந்த ஆளு கல்லுளிமங்கன், அசைய மாட்டேங்கறான்" என்பார். அவள் மேனேஜரை மனசுக்குள் திட்டிவிட்டு எலுமிச்சையை நறுக்கப் போவாள்.

ஒருநாள் காலை, நாற்காலிகளை மேசையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் தானே கேட்டுவிட்டாள்.

"சார், ஒரு வாரம் லீவு வேணும். வருஷா வருஷம் எங்க வீட்டுக்காரர் வந்து கெஞ்சறாரு, உங்களுக்குத்தான் மனசு இரங்கல."

மேனேஜர் நாற்காலியைப் பாதியில் பிடித்தபடி நின்றார். "யாரு, அவரா? கெஞ்சினாரா? 'லீவு கீவு குடுத்துடாதீங்க சார், விரல் காஞ்சிடும், அப்புறம் என் கேக்கை யாரு சீண்டுவா'ன்னுல்ல சொல்லிட்டுப் போவாரு!"

அவள் ஊசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கணவர் வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமலேயே மாவுக் கிண்ணத்தை நீட்டினார். விரல் வரவில்லை. திரும்பினார். அவள் கையை மூடிக்கொண்டு நின்றாள்.

"இனிமே கேக்குக்கு உங்க விரலைப் பிழிஞ்சுக்குங்க."

ஏப்ரனைக் கழற்றி மாவுக் கிண்ணத்தின் மேலேயே போட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் வரும் முன்வாசல் வழியாக வெளியே போனாள். வீட்டுக்கு வந்து செருப்போடு கட்டிலில் விழுந்தாள்.

அவர் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் மன்னிப்புக்கு வார்த்தை தேடி வைத்திருந்தார், ஆனால் அவள் அதற்குள் தூங்கியிருந்தாள். செருப்பை மெதுவாகக் கழற்றினார். கால்களில் வார் பதிந்திருந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் சத்தம் கேட்டது. கட்டிலுக்கு வெளியே தொங்கிய சுண்டுவிரலிலிருந்து சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டலில் சொட்டியதைவிட வேகமாக. ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்தார். இத்தனை வருஷமாக அவர் சமையலில் சேர்த்தது இதன் தேய்ந்த நிழல்தான் என்று தெரிந்தது. தம்பி கல்யாணத்தின்போது அவள் சோறு வடித்த அண்டாக்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

சமையல்காரர் சமையல்காரர்தானே. கை தானாகப் போய் ஒரு டம்ளரை எடுத்துவந்து விரலுக்குக் கீழே பிடித்தது. முதல் சொட்டு டம்ளரில் டிங்கென்று விழுந்தது. அவள் இமை நடுங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு டம்ளரை விலக்கினார். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துத் தரையில் வைத்தார். சத்தம் நின்றது. அவள் நெற்றி தளர்ந்தது.

சாயங்காலம் மேனேஜர் பெரிய பாட்டிலோடு வந்தார். விஷயம் ஜன்னல் வழியாக அவர் கண்ணில் பட்டுவிட்டது. "வீணாத்தானேய்யா போகுது, பிடிச்சுக்கறேன்" என்று செருப்பைக் கழற்றப் போனார். "செருப்பு கால்லயே இருக்கட்டும் சார். நீங்க உள்ளே வரப்போறதில்லை" என்று இவர் வாசலை அடைத்துக்கொண்டு ரகசியக் குரலில் சொன்னார்.

பாரில் மறுபடியும் கடைக் குப்பி வந்தது. சிலர் வராமல் போனார்கள், சிலர் எப்போதும் இப்படித்தானே இருந்தது என்றார்கள். கேக் பாதி பாதியாகத் திரும்பி வந்தது, அவரே சாப்பிட்டார். மழை நின்று வெயில் வந்து, எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு மாடியே கட்டி முடித்தார்கள். அவள் எழுந்து கொஞ்சம் சூப் குடித்துவிட்டுத் திரும்பத் தூங்கினாள். தெருவில் அந்த ஜன்னலைக் கடக்கும்போது மட்டும் சைக்கிள்கள் மணி அடிப்பதில்லை. கொடியில் தேன் நிறத் துண்டுகள் காய்ந்தன.

ஒரு மத்தியானம் அவள் கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"நின்னுடுச்சா?"

"இல்ல."

"பின்ன, சத்தத்தையே காணோம்?"

"துண்டுல போகுது."

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

அவள் கொஞ்ச நேரம் அதை யோசித்தாள். பிறகு சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்தாள். அவர் எழுந்து, கட்டிலைச் சுற்றிப் போய்ச் சுவரோரம் கையை விட்டு, துண்டை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.